கல்லடியில் நிற்கும் லோட்டஸ்: தேய்ந்த ஒரிஜினல் சாமான்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தம்பி, கொழும்பில் பல வருடமாக ஓடாமல் கிடந்த 1988ஆம் ஆண்டு லோட்டஸ் எஸ்பிரி டர்போ என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தியிருக்கிறார். முன் பிரேக் பிடித்தால் விடுவதில்லை. கியர் சரியாக விழுவதில்லை. பொடியில் (காரின் வெளிக்கூட்டில்) அங்கங்கே வெடிப்பு, சீட் லெதரில் கிழிசல், பின் லைட் ஒன்று உடைவு, லைட்டுகள் நினைத்த நேரம் எரிந்து நினைத்த நேரம் அணைகின்றன. எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து புதிதாக இறக்குவதா, தேய்ந்த ஒரிஜினல் சாமான்களையே திருத்துவதா, திருத்துவதென்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார். கழற்றுகிற பழைய சாமான்களைத் தானே வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறாராம், கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

தம்பி, ஆள் இருக்கு. ஆனால் லோட்டஸ் மெக்கானிக் என்று ஒருவரைத் தேடி அலைந்தால் கிடைக்க மாட்டார், கொழும்பிலேயே லேசில் கிடைக்காது. காரைத் தொழில் தொழிலாகப் பிரித்துப் பாருங்கள். பொடி, பைபர் போட் கட்டுகிறவர்களின் வேலை. பிரேக்கும் கியர் இணைப்பும் லேத்காரரின் வேலை. சீட் குஷன் கடைக்கு. வயரிங்கை நீங்களே பார்க்கலாம். இவர்களில் ஒருவருக்கும் எஸ்பிரி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதைச் செய்யக் கூடாது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போனால் போதும். நான் கீழே எழுதுவதில் பாதி அதுதான்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. பற்றரியைப் போட்டு இஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இந்த இஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாப்டுகளைச் சுற்றுவது ரப்பர் பெல்ட். பல வருடம் ஒரே வளைவில் நின்று இறுகிய பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். மறுகா உங்கள் கேள்வியே வேறாகிவிடும், செலவும் வேறாகிவிடும். பெல்ட், அதன் டென்ஷனர், பெற்றோல் ஹோஸ்கள், இந்த மூன்றும் மாறிய பிறகுதான் சாவி.

சரி, சாமான் தேடுகிற வழி விளங்க இந்தக் காரின் பூர்வீகம் கொஞ்சம் தெரிய வேண்டும். எஸ்பிரி இங்கிலாந்தின் நோர்போக்கில், ஹெத்தல் என்ற ஊரில் 1976 முதல் 2004 வரை செய்யப்பட்டது. அத்தனை வருடத்திலும் மொத்தமே பத்தாயிரத்துச் சொச்சம் கார்கள்தான். முதல் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜுஜாரோ. 1987இல் பீட்டர் ஸ்டீவன்ஸ் அதன் கூர்முனைகளை உருட்டி மாற்றினார். உங்களுடையது இந்த இரண்டாவது வடிவம். இவ்வளவு குறைவாகக் கார் செய்கிற கொம்பனி, ஒரு பின் லைட்டுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் தனியாக அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் மற்றக் கொம்பனிகளின் சாமானை வாங்கிப் பூட்டினார்கள். உங்கள் காரின் பின் லைட், டொயோட்டா கொரோலா ஏஈ86 கூபேயின் லைட். பக்கக் கண்ணாடி சிட்ரோயன் சிஎக்ஸ் காருடையது. கியர்பொக்ஸ் ரெனோ 25இல் வந்த யூஎன்1. லோட்டஸ் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அஸ்டன் மார்ட்டின் டிபி7இன் பின் லைட் மஸ்டா 323இலிருந்து வந்தது. லம்போர்கினி டியாப்லோவின் கடைசிக் காலத்து முன் லைட், நிசான் 300இசட்எக்ஸ் காருடையது. கோடிக்கணக்கில் விலை போகிற கார்களின் லட்சணம் இது.

ஆகவே எதைக் கழற்றினாலும் முதலில் கழுவி, அதில் வார்த்திருக்கும் பெயரையும் இலக்கத்தையும் பாருங்கள். லூக்காஸ், போஷ், டெலோர்ட்டோ என்று ஏதாவது தெரியும். அந்த இலக்கத்தை வைத்துத் தேடினால் அதே சாமான் வேறொரு சாதாரணக் காரின் பெயரில் மலிவாகக் கிடைக்கும். லோட்டஸ் பெட்டியில் வந்தால் பெட்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, 18 வீத வற் எல்லாம் ஏறும். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகும்போதும் கார் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். பெயரைச் சொன்னால் ஒன்றில் 'இல்லை' என்பார்கள், அல்லது விலையைக் கூட்டுவார்கள்.

புதிதா பழையதா என்பதற்கு முழுக் காருக்கும் ஒரே பதில் கிடையாது. ரப்பராக இருந்தால், அல்லது உயிர் அதில் தொங்கினால், மறுபேச்சில்லாமல் புதிது. பிரேக் ஹோஸ், சீல், பெற்றோல் ஹோஸ், போல் ஜொயின்ட் எல்லாம் இந்த வகை. கலிப்பர் (சில்லில் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கிற கூடு), காபரேட்டர், ஒல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்ற வார்ப்பு உலோகக் கூடுகளைத் திருத்துங்கள். அந்தக் காலத்து வார்ப்பு, இன்று மலிவாக வரும் பல மாற்றுச் சாமான்களை விடத் தரமானது. கண்ணிலும் கையிலும் படுகிற லெதர், ஸ்விட்ச், டாஷ்போர்ட், பெயர்ப்பட்டை ஆகியவற்றை முடிந்தமட்டும் அப்படியே காப்பாற்றுங்கள். நாளைக்குக் கார் விலை போவதும் அவற்றை வைத்துத்தான். இவற்றில் சேராமல் நடுவில் நிற்பவைதான் தலையிடி. பெற்றோல் டாங்கி அப்படி ஒன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரேக்கைப் பார்ப்போம். பிடித்தால் விடாத பிரேக்குக்கு இரண்டு காரணம் இருக்கலாம். கலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும், அல்லது பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, போன பிரேக் ஒயிலைத் திரும்ப விடாமல் மறித்திருக்கும். வெளியில் பார்த்தால் அந்த ஹோஸ் நல்லாத்தான் தெரியும். கண்டுபிடிப்பது சுகம். சில்லு இறுகி நிற்கும்போது கலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளை மெல்லத் திறவுங்கள். ஒயில் பீறி வந்து சில்லு சுற்றினால் குற்றம் ஹோஸில் அல்லது பெடல் அமுக்குகிற மாஸ்டர் சிலிண்டரில். அப்போதும் சுற்றாவிட்டால் பிஸ்டன். இதைச் செய்து பார்க்காமல் கலிப்பரைக் குறை சொல்ல வேண்டாம்.

பிஸ்டனை வெளியே எடுக்க, காரின் பிரேக் பெடலையே பாவியுங்கள், ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னமே. கராஜில் கொம்பிரசர் காற்றை ஊதித்தான் எடுப்பார்கள். அந்தப் பிஸ்டன் துவக்குச் சன்னம் போல வெளியே வரும், விரல் போனவர்கள் உண்டு. காற்றுத்தான் வழி என்றால் நடுவில் ஒரு பலகைத் துண்டைக் கட்டாயம் வையுங்கள். வெளியே வந்த பிஸ்டனில் சீல் உரசும் பகுதியைப் பாருங்கள். அங்கே குழி குழியாக அரித்திருந்தால் அது முடிந்த கதை, மினுக்கிப் போடக் கூடாது. வெளி விளிம்பில் மட்டும் துரு என்றால் பரவாயில்லை. புதுப் பிஸ்டன் அந்தக் கலிப்பர் இலக்கத்துக்குக் கடையில் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடையலாம். லேத்காரரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: அளவு எடுப்பது தேயாத இடத்தில், மைக்ரோமீற்றரால். தேய்ந்த இடத்தை அளந்து செய்தால் தேய்ந்த புதுச் சாமான்தான் வரும். இந்த விஷயம் பிரேக்குக்கு மட்டுமல்ல, லேத்துக்குக் கொடுக்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்துக் கராஜ்களில் எதையும் மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பதுதான் வழக்கம். கியர்பொக்ஸ் பாகத்துக்குச் சரி. பிரேக் சாமானில் மண்ணெண்ணெய், பெற்றோல், சாதாரணக் கிரீஸ் எதுவும் படக் கூடாது. பிரேக் சீல் செய்யும் ரப்பர் இவற்றைக் குடித்து ஊதிவிடும், இன்றைக்குத் திருத்திய பிரேக் கொஞ்ச நாளில் மறுபடி இறுகும். கழுவ மெதிலேற்றட் ஸ்பிரிற்று அல்லது புதுப் பிரேக் ஒயில். பூச, பிரேக் ரப்பருக்கென்றே விற்கிற சிவப்புக் கிரீஸ். சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும், அதுதான் சீலைத் தள்ளிப் பிஸ்டனை இறுக்குவது. பித்தளைக் கம்பி ஒன்றைச் சீவி, பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்துப் புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதே ஒயிலுக்கு வைத்திருக்கும் எல்லை 155 பாகைதான். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல் என்று இருக்கிற கல்லடியில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் புத்தி. அரைப் போத்தல் மிச்சம் வைத்துப் பாவிக்கவும் வேண்டாம்.

பிரேக்கோடு சேர்த்து முன் சஸ்பென்ஷன் புஷ்களையும் (இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறைகள்) பார்த்துவிடுங்கள். ரப்பர் புஷ் போட்ட பிறகு அதன் போல்ட்டை, கார் ஜக்கில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. சில்லைத் தரையில் வைத்து, காரின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியே நின்று கிழியும். 'புதுப் புஷ் ஒரு வருடமும் தாங்கவில்லை' என்று சொல்கிறவர்களில் கனக்கப் பேருக்கு நடந்தது இதுதான்.

இனி டாங்கி. எஸ்பிரிக்கு இரண்டு டாங்கிகள், இஞ்சினுக்கு இரு பக்கமும். அவை உட்காருவது பஞ்சு மாதிரி ஒரு போம் மேல். அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், டாங்கி கீழிருந்து வெளிப்புறமாகத் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் பெயின்ட்கூடப் போயிருக்காது. காரில் பெற்றோல் வாசம் இருந்தால் வேறெங்கும் தேட முன் இதைப் பாருங்கள். ஓட்டை விழுந்த டாங்கியை வெல்டிங் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். வெறும் டாங்கிதான் நிறைந்த டாங்கியை விட ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவி. ஒரு பொறி போதும். ஒட்டுப்போட்ட டாங்கி இன்னொரு இடத்தில் ஒழுகும் என்பது வேறு. ஒரிஜினலை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் சொல்கிற இடம் இதுதான். பழையதை மாதிரியாக வைத்து, அலுமினியத் தகட்டில் ஆர்கன் வெல்டிங் செய்து புதிதாக இரண்டு கட்டச் சொல்லுங்கள், காற்று அடித்துத் தண்ணீரில் அமுக்கி ஒழுக்குப் பாருங்கள். பூட்டும்போது போம் வேண்டாம், ரப்பர்ப் பட்டிகள் மேல் வையுங்கள், தண்ணீர் இறங்கி ஓட வழி இருக்கட்டும். அலுமினியம் நேரே இரும்பில் படவும் கூடாது. உப்புக்காற்றில் இரண்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம் அரித்துப் போகும். பெற்றோல் ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்ஷன் காருக்கு வருகிற, அமுக்கம் தாங்கும் வகையைக் கேளுங்கள். உங்கள் காரில் டர்போ காற்றைக் காபரேட்டருக்குள் அமுக்குகிறது, பக்கத்திலேயே டர்போ கொதிக்கிறது. வெட்டித் தருகிற சாதாரண ஹோஸ் அங்கே நெருப்புக்கு வழி.

பொடிக்கு வருவோம். இதில்தான் கொழும்புக்காரரை விட நமக்கு வசதி. எஸ்பிரியின் பொடி முழுக்க பைபர், அதாவது ரெசினில் இறுகிய கண்ணாடி நார். அதன் கீழே இருப்பது இரும்பு முதுகெலும்புச் சட்டம், அதற்கு ஹெத்தலிலேயே துருப்பிடிக்காமல் நாக (சிங்க்) பூச்சுக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வாழைச்சேனையிலும் கல்முனை, சாய்ந்தமருதுக் கரையிலும் பைபர் போட்டுகளோடு பழகிய கைகள் இருக்கின்றன. டிங்கரிங் கடைக்காரருக்கு பைபர் வெடிப்பு என்றால் பட்டி வைத்துத் தேய்ப்பதுதான் தெரியும். பட்டி கொஞ்ச நாள் நிற்கும், வெயிலில் நின்று நின்று அதே கோட்டில் வெடிக்கும். போட் கட்டுகிறவருக்கு வெடிப்பின் வேர் எங்கே என்று தெரியும். கடலில் அவர் வேலை பிழைத்தால் ஆள் தாழுவார், அந்தப் பழக்கம் கையில் இருக்கும்.

முதலில் எந்த வெடிப்பு என்று பிரியுங்கள். மேற்பூச்சில் மட்டும் சிலந்தி வலை போல ஓடுவது ஒன்று. நாரோடு சேர்ந்து உடைந்தது இன்னொன்று. ஒரு ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நாரில் பிரச்சினை இல்லை. சத்தம் மந்தமானால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது. கதவுக் கீல், பொனட் பிணைப்பு, பம்பர் பூட்டுகிற இடங்களில்தான் இது கூட.

நார் உடைந்த இடத்துக்கு வேலை பின்பக்கத்திலிருந்து. வெடிப்பின் இரு பக்கமும் நன்றாக அகலமாகச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால் புது நார் பழையதில் பிடித்துக்கொள்ளும். அசிற்றோனால் துடைத்து, அடுக்கடுக்காக நார் வைத்து ரெசின் ஏற்றுவது. இங்கே போட் வேலைக்கு வருவது பொலியெஸ்டர் ரெசின். பழைய பொடியில் எபொக்சி அதை விட நன்றாக ஒட்டும், விலையும் கூட. எபொக்சி எடுத்தால் போட்டுக்குப் பாவிக்கிற பாய் மாதிரியான நாரைப் போடாதீர்கள். அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில்தான் கரையும், எபொக்சியில் கரையாது, நார் விறைத்தே நிற்கும். எபொக்சிக்கு நெய்த துணி. போட்காரர் 'எல்லாம் ஒன்றுதான் தம்பி' என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். பொலியெஸ்டர் என்றால் ஹார்ட்னர் அளவில் கவனம். 1 முதல் 2 வீதம் என்பது பொதுக் கணக்கு. நம்முடைய வெயிலுக்கு 1 வீதப் பக்கம் நிற்பது நல்லது, இல்லாவிட்டால் தூரிகை நகர முன்னமே இறுகிவிடும்.

மாரியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் காற்றிலே இருக்கிற ஈரம் ரெசினைக் கெடுக்கும். வைகாசி, ஆனிக் காய்ச்சலில் (மழையில்லாத வெயில் காலத்தில்) செய்து, பெயின்ட் அடிக்க முன் சில கிழமை வெயிலில் விடுங்கள். ரெசின் சுருங்கி முடியாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கிற நாரின் தடம் மேலே தெரியும், கறுப்பு நிறத்தில் இன்னும் அப்பட்டமாக. உங்கள் காரின் கூரைப் பகுதியில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை நாரும் கலந்திருக்கிறது. அதைத் தேய்த்தால் பஞ்சுபோல மயிர் கிளம்புமே தவிர வழவழப்பாகாது, அந்த இடத்தில் கிரைண்டரை வைக்க விடாதீர்கள். பழைய பெயின்டை எடுக்க ரிமூவர் பூசுவதும் கூடாது, அது பைபரையே கரைக்கும். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். பெயின்ட் அடித்தபின் சூடேற்றிக் காய வைக்கவும் வேண்டாம், உள்ளே அடைபட்ட காற்று கொப்புளமாகக் கிளம்பும்.

லைட் பிரச்சினைக்கும் பைபர்தான் காரணம் என்றால் நம்புவீர்களா? சாதாரணக் காரில் இரும்புப் பொடியே எர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிற வழி. ஒரு வயர் போதும். உங்கள் காரில் பொடி மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஒவ்வொரு லைட்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாகக் கறுப்பு எர்த் வயர் ஓடுகிறது. அந்தக் கறுப்பு வயர்கள் சேருமிடங்களில் பச்சையாகப் பூத்திருக்கும். ஒரு எர்த் போனால் மின்சாரம் வேறு லைட்டின் வழியே திரும்பப் பார்க்கும், அப்போதுதான் சிக்னல் போட்டால் பார்க் லைட் மினுங்குகிற கூத்தெல்லாம். ஸ்விட்ச், ரிலே, முன் லைட் தூக்குகிற மோட்டார் என்று ஒன்றையும் வாங்க முன், எர்த் முடிச்சுகள் எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாக்கி, கொஞ்சம் வாசலின் பூசி இறுக்குங்கள். பிரித்தானிய வயரிங்கில் கறுப்பு எர்த், மண்ணிறம் பற்றரியிலிருந்து எந்நேரமும் வரும் கரன்ட், வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதன் பின் பியூஸ் வழியாகப் போவது. இந்த நாலும் தெரிந்தால் ஒரு டெஸ்டர் லாம்போடு பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். இதைச் செய்தும் சரிவராத ஸ்விட்சைத் திறந்தால் உள்ளே தொடுபுள்ளி கருகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து சிறிய வெள்ளி ஒட்டுப்போட நம்மூர் நகை வேலைக்காரரை விடச் சரியான ஆள் இல்லை. சிரிப்பார், செய்து தருவார்.

கியர் விழவில்லை என்பதற்குக் கியர்பொக்ஸைப் பிரிக்க ஓடாதீர்கள். கியர் கம்பு முன்னால், கியர்பொக்ஸ் பின்னால், இடையில் இணைப்புகளும் புஷ்களும். பெரும்பாலும் தேய்வது அங்கேதான். பின்னால் இணைப்பைக் கழற்றி, கியர்பொக்ஸில் இருக்கிற நெம்பைக் கையால் தள்ளிப் பாருங்கள். எல்லாக் கியரும் க்ளிக் என்று விழுந்தால் பொக்ஸ் சுகமாக இருக்கிறது. கிளச் முழுதாக விடுகிறதா என்பதையும் பாருங்கள், விடாவிட்டால் ரிவேர்ஸ் கியர் கிறீச்சிடும். புஷ்களை டெல்ரினிலோ (கடினமான பிளாஸ்டிக்) கன்மெட்டலிலோ (ஒரு வகை வெண்கலம்) லேத்தில் செய்விக்கலாம், சின்ன வேலை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து லேத்காரர்கள் அரிசி ஆலைக்கும் உழவு மிஷினுக்கும் வேலை செய்து கை தேறியவர்கள். ஆனால் வெட்டுக் காலத்தில் போய் நிற்காதீர்கள். பெரும்போக அறுவடை நேரம் வெட்டு மிஷினை விட்டுவிட்டு உங்கள் புஷ்ஷைக் கடைய ஒருவரும் வர மாட்டார், வந்தாலும் அவசரத்தில் செய்து தருவார். அது நியாயம்தான், வயலில் நெல் காத்திருக்காது.

பின் லைட் உடைவு சின்னதாக இருந்தால் மாற்றாதீர்கள். ஏஈ86 சாமானுக்கு, காரைச் சறுக்கவிட்டு ட்ரிப்ட் ஓடுகிற பொடியன்கள் உலகம் முழுக்க அலைகிறார்கள், பழைய கொரோலாச் சாமான் என்று மலிவாகக் கிடைத்த காலம் போய்விட்டது. துண்டு இருந்தால் அக்ரிலிக் ஒட்டும் திரவத்தால் ஒட்டி, 1500, 2000, 3000 என்று மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர்விட்டுத் தேய்த்து மினுக்குங்கள். தின்னரோ ஸ்பிரிற்றோ படவிட்டால் லென்ஸ் முழுக்க மயிர்க்கோடு விழும்.

சீட்டில் குஷன் கடைக்காரர் முதலில் சொல்வது, 'கழற்றிப் போட்டுப் புது ரெக்சின் அடிப்போம், ஓட்டோ சீட் மாதிரிப் பளபளக்கும்' என்பதுதான். காத்தான்குடியில் கொடுத்தால் நானாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், உறை மாற வேண்டாம், தையல் விட்ட இடம் பழைய துளையிலேயே தைக்க வேண்டும் என்று. கிழிசலுக்கு உள்ளே துணித் துண்டு ஒன்றைச் செருகி, வளையக்கூடிய பசையால் ஒட்டி, மேலே லெதருக்கான பட்டி, பிறகு லெதர் நிறம். பூஞ்சணத்தை ஐசோபுரப்பைல் அற்ககோல் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்துத் துடைத்தால் போகும். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொல்வார்கள். வேண்டாம். காறல் வாசம் வரும், தூசு பிடிக்கும், தையல் நூலும் கெடும்.

இதோடு ஒன்று, எஸ்பிரிக்கு அல்ல, தொண்ணூறுகளின் இத்தாலியக் கார் வைத்திருக்கும் யாராவது வாசித்தால். பெராரி 355, 360 போன்றவற்றின் பட்டன்கள் பிசுபிசுவென்று கையில் ஒட்டுவது அழுக்கல்ல. மெத்தென்று இருக்க அடித்த பூச்சு, சூட்டிலும் ஈரத்திலும் சிதைகிறது. ஐசோபுரப்பைல் அற்ககோலால் மெல்லத் துடைத்து எடுத்து, மட்டான கறுப்புத் திரும்ப அடிக்கலாம். பட்டனில் அச்சடித்த குறிகள் பூச்சோடு போய்விடும், முதலே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமானை வாங்க வருகிறவரைப் பற்றி: கார் ஓடி, ஒரு மாரியைக் கடக்கும் வரை ஒன்றும் கொடுக்காதீர்கள். லேத்காரருக்கு இரண்டாம் முறை மாதிரி தேவைப்படும், அப்போது கையில் இருப்பது அதுதான். ஓட்டை டாங்கிகூட அடுத்த முறைக்கு அச்சு. இலக்கம் அடித்த எதையும், சட்டத்தில் இருக்கிற தகட்டையும் எந்தக் காலத்திலும் கொடுக்க வேண்டாம். கழற்றுகிற நாளிலேயே ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்தப் பக்கம் எந்த போல்ட் என்று எழுதி, உலோகமானால் கிரீஸ் தடவி ஒயில் பேப்பரில் சுற்றி வையுங்கள். இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டால் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

வேலை ஒழுங்கு என்று கேட்டால், மாரியில் வீட்டுக்குள் இருந்து வயரிங்கையும் கலிப்பரையும் பாருங்கள். கலிப்பர் பிஸ்டன், கியர் புஷ் அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு வெட்டு முடிந்ததும் லேத்துக்குப் போங்கள். டாங்கி, பெல்ட், ஹோஸ் முடிந்து இஞ்சின் கிளம்பிய பிறகு பொடியை பைபர்காரரிடம் விடலாம், அப்போது காய்ச்சலும் தொடங்கியிருக்கும். சீட்டைக் கடைசியாகத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை கார் பார்க்க வருகிற ஒவ்வொரு மச்சானும் ஒயில் சாரத்தோடு அதில்தான் ஏறி இருக்கப் போகிறார்.